நனைந்த இருபத்தாறு மூட்டை

என் மகனுக்கு, காரைக்குடியிலிருந்து உன் ஆத்தா எழுதுவது. நானும் அப்பச்சியும் நல்ல சுகம். உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. அடுத்த மாதம் முதல் தூத்துக்குடி ஆபீசில் கப்பல் ரசீதுகளில் கேப்டனுக்காக நீயே கையெழுத்துப் போடலாம் என்று கம்பெனியார் உத்தரவு கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். நான் மூன்று தரம் படித்தேன். பிறகு உன்னைப் பெற்ற அப்பச்சியிடம் கொடுத்தேன். அவர்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்கள். பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் தன் கையெழுத்தை ஐந்தாறு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, மடித்து விசிறியாக வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது உனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். நீயும் உன் பெண்டாட்டியும் என் எழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்வீர்கள், சிரியுங்கள். உன் மகள் படிக்கிற வயது வந்ததும் அவளும் அப்பத்தாவின் கோழிக்கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்கட்டும். ஆனால் என் எழுத்துக்கு ஒரு வீட்டைப் புரட்டிப்போடுகிற வலு உண்டு என்பதை ஒருநாள் பார்த்தவள் நான். உன் ஆபீசில் உன்னைப் போலப் புதிதாக வந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டு, எனக்கு வெட்கமில்லை. இன்னொன்று, உனக்குக் கடிதம் எழுதுவதாகப் போன வாரம் ஒருவருக்கு வாக்கும் கொடுத்திருக்கிறேன். அது யார், என்ன விஷயம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பச்சி நாகப்பட்டினத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் ரசீது எழுதும் வேலையில் இருந்தார்கள். மாதம் ஒரு தரம் திருவாரூர் ரயிலில் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார்கள். நேமத்தான்பட்டியிலிருந்த உன் அம்மான், என் உடன்பிறந்த அண்ணன், சிங்கம்புணரிச் சந்தையிலும் சிவகங்கைப் பக்கத்திலும் மிளகாய் வத்தல் பிடித்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தத் துறைமுகத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்ப்பார்கள். அங்கே கப்பல் அதிகாரி சரக்கைப் பார்த்து, கிழிசல், ஈரம், குறைவு எது இருந்தாலும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டு கரைக்கு வந்ததும் அதில் உள்ளதை உள்ளபடி பார்த்துக் கப்பல் ரசீது எழுதி, கேப்டனுக்காகக் கையெழுத்தும் போட வேண்டியது அப்பச்சியின் வேலை. ரசீதில் குறை ஒன்றும் இல்லையென்றால் பாங்கிக்காரன் சரக்கு அனுப்பியவருக்கு அன்றே பணம் கொடுத்துவிடுவான். குறை எழுதியிருந்தால் கொடுக்க மாட்டான். அக்கரையில் சரக்கை வாங்குகிறவர் நம் மூட்டையைப் பார்த்தவரில்லை, நம் முகத்தைப் பார்த்தவரும் இல்லை. அந்த ஒரு தாளை நம்பித்தான் பணத்தைக் கட்டுகிறார். இதெல்லாம் உனக்குப் பாடமாகத் தெரிந்தது. எனக்கு அடிபட்ட பிறகு தெரிந்தது.

அந்த வருஷம் ஆவணியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் குறித்திருந்தது. அதற்கு எட்டு நாள் முன்னால் அண்ணனுடைய நானூறு மூட்டை வத்தல் கப்பல் ஏறியது. ஒரு படகில் அலை அடித்து அடிவரிசை மூட்டைகள் நனைந்துவிட்டன. கப்பல் அதிகாரி ‘இருபத்தாறு மூட்டை ஈரம்’ என்று சீட்டில் எழுதிவிட்டான். கப்பலும் புறப்பட்டுவிட்டது. அண்ணன் நேரே அப்பச்சியிடம் போய் நின்றார். அங்கே நடந்ததை எனக்குப் பின்னால் சொன்னவர் ஹெட் கிளார்க் சவரிமுத்து அண்ணன். உனக்கு நினைவிருக்கும், கிறிஸ்துமஸுக்கு நமக்கு அச்சுமுறுக்கு கொடுத்தனுப்புவாரே, அவர்.

“மாப்பிள்ளை, நானூறுல இருபத்தாறு. அதுக்காக மொத்தத்தையும் பாங்கி நிறுத்திட்டா நான் கல்யாணத்த எப்படி நடத்துவேன்?” என்றாராம் அண்ணன்.

“மச்சான், அவன் பாத்து எழுதினத நான் பாக்காம அழிக்கவா?”

“ஈரம் வெயில்ல காஞ்சிரும்யா.”

“கப்பலோட வயித்துக்குள்ள ஏது மச்சான் வெயில்?”

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்றே ரயிலேறிக் காரைக்குடிக்கு என்னிடம் வந்தார். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். வந்தவர் செம்புத் தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை. “உன் புருஷன் சட்டம் பேசுறாக. நீ பிறந்த வீட்டுக்காகப் பேசுவியா மாட்டியா?” என்று கேட்டார். உன் தாத்தா போன பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எனக்கு வந்த சீர் அத்தனையும் அந்த அண்ணன் கையால் வந்தது. நீ பிறந்தபோது வந்த வெள்ளிக் கிண்ணம் உட்பட. நான் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று இப்போது எழுதினால் அது பொய். உன் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அப்பச்சிக்கு நாலு வரி எழுதினேன்: ‘அண்ணன் வருகிறார். அவர் கேட்கிறபடி எழுதிக் கொடுங்கள். கல்யாணத்துக்கு எட்டு நாள்கூட இல்லை. என் பிறந்த வீட்டு மானம் உங்கள் பேனாவில் இருக்கிறது.’ கடைசி வரியை எழுதிவிட்டு எனக்கே ரொம்பப் பெருமை. இவ்வளவு நன்றாக எழுத வருகிறதே என்று.

அண்ணனும் தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். கீழே, இந்தச் சரக்கினால் கப்பலுக்கோ ஏஜெண்டுக்கோ எந்த நஷ்டம் வந்தாலும் நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து. நம் வீடுகளில் கல்யாணத்தின்போது இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்து இசைகுடிமானம் எழுதிக்கொள்கிறோமே, அந்த மாதிரியே. அதில் எழுதியதை நம்மவர்கள் யாராவது மாற்றிப் பேசிக் கேட்டிருக்கிறாயா? நானும் கேட்டதில்லை. சிவமயம் போட்டு எழுதிக் கொடுத்த பிறகு இனி என்ன பயம் என்று நான் நினைத்தேன். அப்பச்சியும் அதையேதான் நினைத்தார்கள். என் நாலு வரியைப் படித்தார்கள், அண்ணன் கடிதத்தைப் பெட்டியில் வைத்தார்கள், குறை ஒன்றும் இல்லை என்று ரசீது எழுதிவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நேமத்தான்பட்டிக்கு வந்து சேர்ந்த அப்பச்சியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முகம் சரியில்லை. பந்தியில் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. சாமான் அறைக்குள் கூப்பிட்டு என்னவென்று கேட்டேன்.

“கிட்டங்கியில மூட்ட அடுக்குற ஒரு வயசாளி சொன்னான். நனைஞ்ச வத்தல் மூடின இடத்துல சூடு ஏறுமாம். பக்கத்து மூட்டையெல்லாம் சேர்ந்து பூசணம் பூக்குமாம். இருபத்தாறோட நிக்காதாம்.”

“இப்ப என்ன செய்யணுங்கறீக?”

“ஆபீசுல சொல்லி, கப்பலுக்குக் கம்பியில்லாத் தந்தி கொடுக்கணும். கடல்லயே மூடியத் திறந்து அந்த மூட்டையப் பிரிச்சு எடுத்துருவாங்க. ஆனா சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். ரசீது பொய்னு சொல்லணும். பாங்கி உங்க அண்ணனத் தேடி இங்க வரும். எனக்கு வேல போகும்.”

மகனே, இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வெளியே பெண்ணுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் மறுநாள் வருகிறார்கள். நான் சொன்னேன்: “திருப்பூட்டு முடியட்டும். கழுத்துல தாலி ஏறின பிறகு என்ன வேணா செய்ங்க.” அவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். சரி என்று தலையை ஆட்டினார்கள். முதல் தப்பு எங்கள் மூவருக்கும் பொது. அந்த இரண்டு நாள் மட்டும் என் ஒருத்திக்கே சொந்தம்.

திருப்பூட்டி முடிந்தது. மேளச் சத்தம் அடங்குவதற்குள் அப்பச்சி பட்டுக்கரை வேட்டியோடு ஒரு வாடகை சைக்கிளில் ஏறிவிட்டார்கள். பந்தலில் நின்ற ஒரு பெரியவர், “என்னப்பா, இலை போட்டாச்சு, எங்குட்டுக் கிளம்பிட்டே?” என்று கேட்டார். “வெத்தல பத்தல, வாங்கிட்டு வாரேன்,” என்றார்கள். உள்ளே நாலு கவுளி வெற்றிலை மிச்சம் இருந்தது. காரைக்குடித் தபாலாபீசில் இரண்டு தந்தி. ஒன்று பினாங்கிலுள்ள ஏஜெண்டுக்கு: இருபத்தாறு மூட்டை ஏற்றும்போதே ஈரம், ரசீதில் எழுதாதது என் பிழை, முதலில் அந்த அறையைத் திறக்கவும். இன்னொன்று தன் ஆபீசுக்கு, அதையே. அதற்குள் கப்பல் பினாங்கை நெருங்கிவிட்டது. போய்ச் சேர்ந்து திறந்தபோது இருநூறு மூட்டை பூத்துப் போயிருந்தது.

பிறகு நடந்தது நீளமான கதை. வாங்கியவர் கப்பல்காரனைப் பிடித்தார். கப்பல்காரன் ஏஜெண்டைப் பிடித்தான். ஏஜெண்டு அப்பச்சியைக் கூப்பிட்டு நிறுத்தினார். அப்பச்சி பெட்டியைத் திறந்து அண்ணனுடைய கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்கள். கம்பெனி வக்கீல் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். “பொய்யின்னு தெரிஞ்சே எழுதின ரசீதுக்காக வாங்கின உறுதி இது. வாங்கினவரை ஏமாத்துறதுக்கு ரெண்டு பேர் பேசிக்கிட்டதுக்கு எழுத்து மூலமா சாட்சி, அவ்வளவுதான். கோர்ட்டுல இது நிக்காது. நிக்காதது மட்டுமில்ல, உம்ம தலைக்கே வரும்,” என்றாராம். சவரிமுத்து அண்ணன் இதைச் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. சிவமயம் போட்டிருந்ததே என்றேன். “ஆச்சி, சாமி பேரு மேல இருந்துச்சு, கீழ இருந்தது பொய்யில்ல?” என்றார். இதை நீ மறக்கவே கூடாது. நான் பொறுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவுக்காரர் எழுதிக் கொடுப்பார். மனசாரத்தான் எழுதுவார். அந்தத் தாள் உன்னைக் காப்பாற்றாது.

ஆனால் மனிதர்கள் காப்பாற்றினார்கள். அதைச் சொல்லாமல் போனால் நான் நன்றி கெட்டவள். முதலில் உன் அம்மான். கடிதம் செல்லாது, நீர் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை என்று அவருடைய வக்கீலே சொல்லிவிட்டார். அண்ணன், “சட்டம் என்ன வேணா சொல்லட்டும். எழுதினது என் கை,” என்று சொல்லி, ஏற்றுமதியை விட்டுவிட்டு, இருந்ததை விற்று நஷ்டத்தில் பெரும்பகுதியைக் கட்டினார். சிங்கம்புணரியில் சின்னதாக மளிகைக் கடை வைத்து உட்கார்ந்தார். இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷமும் பொங்கல் சீர் தவறாமல் வந்தது, ஆள் மட்டும் வேறு. மூன்றாம் வருஷம் அவரே தூக்கிக்கொண்டு வந்து, “கரும்பு கொஞ்சம் சப்பைதான், நல்லதா கிடைக்கல,” என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். அவர் அப்படிப்பட்ட மனிதராக இருந்தது நம் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் தொழில் செய்யக் கூடாது.

இரண்டாவது, பினாங்கில் வத்தலை வாங்கியவர். ராவுத்தர் ஒருவர், நம் பக்கத்திலிருந்து போனவர்தான். அவரை நான் பார்த்ததே இல்லை. ஏஜெண்டின் ஆள் செய்த மோசடி என்று போலீசுக்கு எழுதியிருந்தால் அப்பச்சியின் கதி என்ன? அவர் கம்பெனிக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதினார். நஷ்டத்தைக் கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டுக் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: ‘உங்கள் ஆள் சொன்ன உண்மை தாமதமாக வந்தது. ஆனாலும் சரக்குக்கு முன்னால் வந்தது. அதனால் எனக்கு இருநூறு மூட்டை மிஞ்சியது. அந்த மனிதரை வேலையை விட்டு அனுப்ப வேண்டாம்.’ அப்பச்சி அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு வருஷமும் திருக்கோஷ்டியூர் பெருமாள் சந்நிதியில் நம் குடும்பத்துப் பெயர்களோடு அந்த ராவுத்தர் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வருகிறேன். பெருமாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வேலை போகவில்லை. கையெழுத்துப் போனது. ஏழு வருஷம் அப்பச்சி அந்த ஆபீசில் ரசீதுகளை எழுதினார்கள். அழகாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். எழுதி முடித்து, தன்னைவிட வயதில் சின்னவர்களிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஏழு வருஷமும் வீட்டில் ஒரு நாள்கூட முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதில்லை. நீ பள்ளிக்கூட ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினால், “ஆத்தாகிட்ட வாங்கிக்க, அவ கையெழுத்து அழகா இருக்கும்,” என்பார்கள். நீயும் சிரித்துக்கொண்டே என்னிடம் வருவாய். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று இப்போது புரிகிறதா? காலண்டர் தாளில் ஏன் போட்டுப் பார்த்தார்கள் என்று?

என் கண்ணுக்கே நான் இன்னும் சின்னவளாகிப் போனது இதற்கும் பிறகு. ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த சவரிமுத்து அண்ணன், காபி குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

“ஆச்சி, விசாரணையில, மச்சான் கடுதாசி இருக்கட்டும், வேற யார் சொல்லி எழுதினேன்னு மூணு தரம் கேட்டாங்க. செட்டியாரு மூணு தரமும், நானாத்தான் எழுதினேன்னாரு. நீங்க எழுதின துண்டுக் கடுதாசி அவரு சட்டைப் பையிலதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். அத எடுத்து மேசையில போட்டிருந்தா, வீட்டு நெருக்கடியில செஞ்சுட்டாருன்னு ஏழு வருஷத்த ரெண்டா குறைச்சிருப்பாங்க.”

அவர் போன பிறகு அப்பச்சியிடம் கேட்டேன். “அந்தத் தாள் எங்க?”

“எந்தத் தாளு?”

“என் பிறந்த வீட்டு மானம் எழுதியிருந்த தாளு.”

“அதுவா? சட்டைப் பையில மறந்து வச்சுட்டேன். சலவைக்குப் போயிருச்சு. வண்ணான் நல்லா வெளுத்துட்டான்,” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்கள். நிஜமா, பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இப்போது அந்த வாக்கு விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் அம்மான் மகன் முத்தையா வந்திருந்தான். அவன் அப்பா விட்ட தொழிலை இவன் பிடித்துக் கைத்தறி லுங்கி அனுப்பிக்கொண்டிருக்கிறான், தெரியும் உனக்கு. பணியாரம் சுட்டுக் கொடுத்தேன்.

“அயித்தை, அத்தானுக்குக் கையெழுத்து அதிகாரம் வந்துருச்சாமே. ஊரெல்லாம் நீங்கதான் சொல்லிக்கிட்டுத் திரியிறீகளாம்.”

“பெத்தவ சொல்லாம தெருவுல போறவனா சொல்லுவான்?”

“அதுக்கில்ல அயித்தை. ஒரு சின்ன உதவி. சரக்கு மாசக் கடைசிக்குள்ள கப்பல் ஏறணும்னு வாங்குறவன் கண்டிப்பா சொல்லியிருக்கான். தறிக்காரவுக இழுத்தடிக்கிறாக. ரசீதுல தேதிய மட்டும் ரெண்டு நாள் முன்னாடி போட்டுக் கொடுத்தாப் போதும். சரக்குல ஒரு பழுது இருக்காது. ரெண்டே நாள்.”

ரெண்டே நாள் என்று அவன் சொன்னதும் என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. “உங்க அப்பச்சி, எங்க அண்ணனுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“அவுககிட்ட எதுக்கு? நீங்க ஒரு வரி எழுதுங்க. ஆத்தா சொன்னா அத்தான் தட்டவா போறாக?”

அவனுக்கு அந்தப் பழைய கதை தெரியாது. அக்கா கல்யாணத்தில் அப்பளம் பொறுக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை. முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அன்றைக்கு என் முகத்திலும் இருந்திருக்காது. “எழுதுறேன்ப்பா. கட்டாயம் எழுதுறேன்,” என்று சொன்னேன். இன்னும் இரண்டு பணியாரம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுச் சந்தோஷமாகப் போனான்.

சொன்னபடி எழுதிவிட்டேன். அவன் வந்தால் கோபிக்காதே, சாப்பிடச் சொல்லு. சரக்கு என்றைக்குக் கப்பல் ஏறியதோ அந்தத் தேதியைத்தான் போட முடியும் என்று சொல்லு. சரக்கை வாங்குகிறவருக்கு இரண்டு நாள் தாமதம் என்று இப்போதே தந்தி கொடுக்கச் சொல்லு. எப்படி எழுதுவது என்று அவனுக்குத் தெரியாது, நீயே கூட இருந்து எழுதிக் கொடு. வாங்குகிறவர் சம்மதிக்காவிட்டால் நஷ்டம்தான், ஆனால் தாங்கக்கூடிய நஷ்டம். உன் முதல் கையெழுத்தைப் போடும் அன்று அப்பச்சிக்கு ஒரு ட்ரங்க் கால் போடு. பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். ஒன்றும் கேட்க மாட்டார்கள், நீயாகச் சொல்லு.

இன்னும் ஒன்றே ஒன்று. பாசம் வந்தால் நான் பழைய புத்திக்குப் போய்விடுவேன், என்னை எனக்குத் தெரியும். நாளைக்கு நானே உனக்கு நாலு வரி எழுதி, இதைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக் கொடுப்பா என்று கேட்டால், படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள். சட்டையைச் சலவைக்குப் போட்டுவிடு.

உன் ஆத்தா